தன்விளக்க அறிக்கை (பிரித்தானியப் பல்கலைக்கழக விண்ணப்பம்)

தன்விளக்க அறிக்கை (பெர்சனல் ஸ்டேட்மென்ட்) என்பது ஐக்கிய இராச்சியத்தில் இளநிலைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர், தாம் தேர்ந்தெடுத்த பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறார், அதற்கு எவ்வாறு ஆயத்தமாகியுள்ளார் என்பவற்றைத் தம் சொந்தச் சொற்களில் எழுதி அளிக்கும் பகுதியாகும். விண்ணப்பத்தின் பிற பகுதிகளான தேர்வு மதிப்பெண்கள், எதிர்பார்க்கப்படும் தரநிலைகள், ஆசிரியரின் பரிந்துரை ஆகியவை மாணவரைப் பற்றிப் பிறர் தரும் தகவல்கள். மாணவரே நேரடியாகப் பேசும் இடம் இது ஒன்றே. இவ்வறிக்கை யூகாஸ் எனப்படும் பல்கலைக்கழக, கல்லூரிச் சேர்க்கைச் சேவை அமைப்பின் இணையதளம் வழியாக அனுப்பப்படுகிறது.

2025ஆம் ஆண்டு வரை இது தலைப்போ பிரிவோ இல்லாத ஒரே நீண்ட கட்டுரையாக இருந்தது. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான விண்ணப்பங்களிலிருந்து மூன்று கேள்விகளுக்கான விடைகளாக மாற்றப்பட்டுள்ளது. வழிகாட்ட ஆள் இல்லாத வீடுகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் வரும் மாணவர்களுக்குப் பழைய வடிவம் பாதகமாக இருந்தது என்ற விமர்சனம் இம்மாற்றத்திற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

வரலாறு

பிரித்தானியாவில் மாணவர்கள் முன்னர் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திற்கும் தனித்தனியாக விண்ணப்பித்து வந்தனர். ஒரே மாணவர் பல இடங்களில் இடம் பெற்று, எதில் சேர்வார் என்பது கடைசி வரை தெரியாத நிலை பல்கலைக்கழகங்களுக்குச் சிக்கலை உண்டாக்கியது. இதைச் சீர்செய்ய 1961இல் பல்கலைக்கழகங்களுக்கான மைய சேர்க்கைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பாலிடெக்னிக் கல்வி நிறுவனங்களுக்குத் தனியே மற்றோர் அமைப்பு இருந்தது. 1992இல் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகத் தகுதி பெற்றதையொட்டி இவ்விரு அமைப்புகளும் ஒன்றிணைந்து யூகாஸ் உருவானது. இதன் தலைமையகம் இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் உள்ளது.

2023 சனவரியில், தன்விளக்க அறிக்கையைக் கேள்வி வடிவுக்கு மாற்றப்போவதாக யூகாஸ் அறிவித்தது. 2024இல் மூன்று கேள்விகளும் வெளியிடப்பட்டன. ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதம் அதற்கு முன்பே, 2024ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து, மூன்று பிரிவுகள் கொண்டதாக மாற்றப்பட்டிருந்தது.

வடிவமும் விதிகளும்

மூன்று விடைகளும் சேர்ந்து 4,000 எழுத்துகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும். இங்கு எழுத்து என்பது ஆங்கில எழுத்து, எண், நிறுத்தற்குறி, சொற்களுக்கு இடையிலான வெற்றிடம் ஆகிய அனைத்தையும் குறிக்கும். ஒவ்வொரு விடையும் குறைந்தது 350 எழுத்துகள் கொண்டிருக்க வேண்டும். மூன்றுக்கும் குறைந்தபட்ச அளவை ஒதுக்கிய பின் எஞ்சும் 2,950 எழுத்துகளை மாணவர் தம் விருப்பப்படி பகிர்ந்துகொள்ளலாம். மொத்த அளவு ஆங்கிலத்தில் ஏறத்தாழ 600 சொற்களுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ வரும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து போன்ற அலங்காரங்களுக்கு இடமில்லை.

ஒரு விண்ணப்பத்தில் அதிகபட்சம் ஐந்து படிப்புகளைத் தெரிவு செய்யலாம். ஐந்துக்கும் ஒரே அறிக்கைதான் செல்கிறது. பல்கலைக்கழகம் முடிவெடுக்கும் நேரத்தில் மாணவரின் மற்ற தெரிவுகள் அதற்குத் தெரியாது. எனவே ஒரு குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிப் புகழ்வது மற்ற நான்கு இடங்களில் வீணாகிவிடும்.

மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் ஒரே துறையில் நான்கு தெரிவுகளுக்கு மேல் அனுமதி இல்லை. ஐந்தாவது இடத்தில் உயிர்மருத்துவ அறிவியல் போன்ற வேறொரு படிப்பைச் சேர்ப்பது வழக்கம். அந்த ஐந்தாவது பல்கலைக்கழகமும் மருத்துவத்தை நோக்கி எழுதிய அதே அறிக்கையைத்தான் படிக்கும் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு பல்கலைக்கழகங்களுக்கும், பெரும்பாலான மருத்துவ, பல் மருத்துவ, கால்நடை மருத்துவப் படிப்புகளுக்கும் கடைசி நாள், படிப்பு தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் 15 ஆகும். ஏனைய பெரும்பாலான படிப்புகளுக்கு அது சனவரியில் வரும். 2026ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு 2026 சனவரி 14, பிரித்தானிய நேரம் மாலை 6 மணி கடைசி நேரமாக வைக்கப்பட்டது. அதற்குள் வந்த விண்ணப்பங்கள் முந்தியது பிந்தியது என்ற வேறுபாடின்றிச் சமமாகக் கருதப்படும்.

மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: இந்தப் படிப்பை அல்லது பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?

ஆர்வத்தைக் கூறுவதற்கான இடம் இது. ஆனால் "எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்ற வாக்கியத்தை எவரும் எழுத முடியும் என்பதால் அது எதையும் நிறுவுவதில்லை. ஆர்வம் மாணவரை எதைச் செய்ய வைத்தது என்பதே படிப்பவருக்குப் பயன்படும் தகவல். ஒரு நூலைப் படித்ததால் எழுந்த கேள்வி, அந்தக் கேள்வியைத் தேடிச் சென்ற வழி, பாடத்தின் எந்தப் பகுதி தன்னை ஈர்க்கிறது, எந்தப் பகுதி இன்னும் புரியாமல் இருக்கிறது என்பன இதில் இடம்பெறலாம்.

இரண்டாம் கேள்வி: உங்கள் கல்வித் தகுதிகளும் படிப்பும் இந்தப் பாடத்திற்கு உங்களை எவ்வாறு ஆயத்தப்படுத்தியுள்ளன?

மதிப்பெண் பட்டியல் விண்ணப்பத்தின் வேறு பகுதியில் ஏற்கெனவே உள்ளது. அதை இங்கு மீண்டும் எழுதினால் இடம் வீணாகும். பள்ளியில் கற்ற ஒரு தலைப்பு, செய்த ஓர் ஆய்வு, எழுதிய ஒரு நீண்ட கட்டுரை ஆகியவற்றுள் ஒன்றை எடுத்து, அதன்வழி எந்தத் திறன் வளர்ந்தது, அது பட்டப்படிப்பில் எங்கே தேவைப்படும் என்று விளக்குவதே இக்கேள்வி கேட்பது.

மூன்றாம் கேள்வி: கல்விக்கு வெளியே வேறு எவ்வகையில் ஆயத்தமாகியுள்ளீர்கள், அந்த அனுபவங்கள் ஏன் பயனுள்ளவை?

பகுதிநேர வேலை, தன்னார்வத் தொண்டு, குடும்பத்தில் முதியவரையோ நோயாளியையோ பராமரித்தல், விளையாட்டு, தாமாகக் கற்ற திறன், வாழ்க்கையில் எதிர்கொண்ட சூழல் ஆகியவை இதில் வரலாம். கேள்வியின் பின்பாதியான "ஏன்" என்பதற்கு விடை தராத நீண்ட பட்டியலே இங்கு அடிக்கடி காணப்படும் குறையாகும்.

ஒரே செய்தியை இரண்டு விடைகளில் சொல்லத் தேவையில்லை. மூன்று விடைகளும் ஒன்றாகவே படிக்கப்படுகின்றன. எந்தத் தகவலை எதில் வைப்பது என்ற ஐயம் எழுந்தால், அது எந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தருகிறதோ அங்கு வைத்தால் போதும்.

படிப்பவர்கள் யார்

அறிக்கையைப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலர்களோ, அப்பாடத்தைக் கற்பிக்கும் பேராசிரியர்களோ படிக்கின்றனர். ஒரு பருவத்தில் ஏராளமான அறிக்கைகளைப் படிக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. அறிக்கைக்குத் தரப்படும் எடை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், பாடத்துக்குப் பாடம் மாறுபடுகிறது. சில இடங்களில் மதிப்பெண் தகுதியே முதன்மையாகப் பார்க்கப்பட்டு, சமநிலையில் உள்ளவர்களைப் பிரித்தறிய மட்டும் அறிக்கை பயன்படுகிறது. நேர்காணல் நடத்தும் படிப்புகளில், அறிக்கையில் குறிப்பிட்ட நூலைப் பற்றியோ ஆய்வைப் பற்றியோ நேரில் கேட்கப்படலாம். படிக்காத நூலின் பெயரை எழுதுவது இக்காரணத்தாலும் ஆபத்தானது.

அனுபவமும் சிந்தனையும்

நல்ல அறிக்கைக்குப் பெரிய அனுபவம் வேண்டும் என்பது பரவலான தவறான எண்ணம். சிறிய அனுபவத்தைக் கூர்ந்து நோக்கி எழுதுவது, பெரிய அனுபவத்தின் பெயரை மட்டும் எழுதுவதைவிட வலுவானது. கீழே உள்ள மூன்று எடுத்துக்காட்டுகளும் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

இயற்பியல்: ஒரு மாணவர், "சிறு வயதிலிருந்தே விண்மீன்களைக் கண்டு வியந்திருக்கிறேன்" என்று தொடங்குகிறார். மற்றொரு மாணவர், பள்ளி ஆய்வகத்தில் ஒரு மீட்டர் நீள ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தை அளந்ததை எழுதுகிறார். அந்த ஊசலின் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 2 நொடி ஆகும். நிறுத்துகடிகாரத்தை அழுத்துவதில் 0.2 நொடி பிழை நேர்ந்தால் அது 10 விழுக்காடு. முடுக்கத்தைக் கணக்கிடும்போது அலைவு நேரத்தின் இருமடி வருவதால் பிழை ஏறத்தாழ 20 விழுக்காடாகப் பெருகும். 20 அலைவுகளைச் சேர்த்து அளந்தால் மொத்த நேரம் 40 நொடி. அதே 0.2 நொடிப் பிழை இப்போது 0.5 விழுக்காடு மட்டுமே, முடுக்கத்தில் 1 விழுக்காடு. "கருவி மாறவில்லை, அளக்கும் முறை மாறியது" என்று அந்த மாணவர் எழுதும்போது, அவர் ஆய்வகத்தில் என்ன சிந்தித்தார் என்பது படிப்பவருக்குத் தெரிகிறது. இது எல்லாப் பள்ளிகளிலும் செய்யப்படும் ஓர் எளிய செய்முறைதான்.

பொருளியல்: இலண்டனில் உறவினரின் மளிகைக் கடையில் சனிக்கிழமைகளில் வேலை செய்யும் ஒரு மாணவரை எண்ணிக்கொள்ளலாம். "கடையில் வேலை செய்து குழுப்பணியும் நேர மேலாண்மையும் கற்றேன்" என்பது வழக்கமான வாக்கியம். 2023 சூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. அதற்குப் பின்வந்த வாரங்களில் கடைக்கு வருவோர் எதை வாங்கினர், யார் விலை ஏறியும் அதே அரிசியைக் கேட்டனர், யார் வேறு அரிசிக்கு மாறினர் என்பதை அந்த மாணவர் கவனித்திருந்தால், வகுப்பில் கற்ற தேவை நெகிழ்ச்சி என்ற கருத்தை அங்கே சோதித்துப் பார்த்திருக்கிறார் என்று பொருள். பெரிய வங்கியில் ஒரு வாரம் பார்வையாளராக இருந்ததைக் காட்டிலும் இதில் பொருளியல் அதிகம்.

செவிலியம்: பாட்டியுடன் மருத்துவமனைக்குச் சென்று மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பேரப்பிள்ளைகள் புலம்பெயர் குடும்பங்களில் பலர். "மயக்கம்" என்று பாட்டி சொல்வது தலைச்சுற்றலா, நினைவிழப்பா என்பதைக் கேட்டுத் தெளிய வேண்டிய கட்டம் வந்திருக்கலாம். ஒரு சொல் தவறினால் சிகிச்சையே தவறக்கூடும், குடும்பத்தினருக்குப் பதில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஏன் தேவைப்படுகிறார் என்ற புரிதல் அதிலிருந்து பிறக்கலாம். இத்தகைய வீட்டுப் பொறுப்பைச் சொல்லத் தக்க அனுபவமாகவே பல மாணவர்கள் கருதுவதில்லை. மூன்றாம் கேள்வி அதற்கு வெளிப்படையாக இடம் தருகிறது.

இம்மூன்றிலும் ஒரே ஒழுங்கு உள்ளது. செய்தது என்ன, அதில் கவனித்தது என்ன, அது பாடத்தோடு எவ்வாறு தொடர்புறுகிறது என்ற மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது மட்டும் இருந்தால் அது பட்டியல். மூன்றும் இருந்தால் அது சான்று.

பொதுவான குறைகள்

- தேய்ந்த தொடக்கம்: "நினைவு தெரிந்த நாள் முதல்" என்பது போன்ற தொடர்கள் எண்ணற்ற அறிக்கைகளில் வருவதால் அவை கவனத்தை ஈர்ப்பதில்லை.
- அறிஞரின் பொன்மொழியுடன் தொடங்குதல்: வரையறுத்த இடத்தில் வேறொருவரின் சொற்கள் புகுந்துவிடுகின்றன.
- உரிச்சொற்களின் குவியல்: "கடின உழைப்பாளி, பொறுப்புமிக்கவன், தலைமைப் பண்பு உடையவன்" என்று தம்மைத் தாமே மதிப்பிடுதல். பண்பைச் செயல் காட்ட வேண்டும்.
- ஆங்கில அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு கடினமான சொற்களைப் புகுத்துதல். எளிய சொற்களில் தெளிவாக எழுதிய அறிக்கையே விரைவாகப் படிப்பவருக்குப் புரியும்.
- பெற்றோரின் விருப்பத்தையோ எதிர்கால வருமானத்தையோ முதன்மைக் காரணமாகக் காட்டுதல்.
- பாடத்தோடு தொடர்பற்ற பொழுதுபோக்குகளுக்கு மிகுதியான இடம் ஒதுக்குதல்.
- வேறு மாணவரின் அறிக்கையை மாதிரியாக வைத்து அதன் அமைப்பையும் சொற்களையும் பின்பற்றுதல்.

ஒப்புமைச் சோதனை

யூகாசுக்கு வரும் ஒவ்வோர் அறிக்கையும் முன்பு வந்த அறிக்கைகளுடனும் பிற மூலங்களுடனும் கணினி மென்பொருள் மூலம் ஒப்பிடப்படுகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒப்புமை தென்பட்டால் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது. என்ன நடவடிக்கை எடுப்பது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்யும்.

இச்சோதனை வழக்கத்துக்கு வருவதற்கு முன்னர் 2007இல் 50,000 அறிக்கைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அவற்றுள் 234 அறிக்கைகளில், வேதியியல் விளையாட்டுப் பெட்டியால் தம் இரவு உடையில் ஓட்டை விழுந்த எட்டு வயதுச் சம்பவம் ஏறத்தாழ ஒரேமாதிரி விவரிக்கப்பட்டிருந்தது. இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரி அறிக்கையின் தாக்கம் அது. தனித்தன்மை காட்ட எழுதப்பட்ட கதையே 234 பேரையும் ஒரே முகமாக்கிவிட்டது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவிய பின் இச்சிக்கல் புதிய வடிவம் பெற்றுள்ளது. அறிக்கை தம்முடையதே என்றும், செயற்கை நுண்ணறிவு மென்பொருள் உட்பட வேறு மூலத்திலிருந்து பெறப்பட்டதன்று என்றும் விண்ணப்பதாரர் உறுதிமொழி அளிக்க வேண்டும். எண்ணங்களைத் திரட்டவும் எழுத்துப்பிழை பார்க்கவும் கருவியைப் பயன்படுத்துவது வேறு. அறிக்கை முழுவதையுமோ பெரும்பகுதியையுமோ அதைக் கொண்டு எழுதுவித்துத் தம்முடையதாக அளிப்பது ஏமாற்றாகக் கருதப்படலாம் என்று யூகாஸ் எச்சரிக்கிறது. நடைமுறையில் மற்றோர் இழப்பும் உண்டு. ஊசலையும் அரிசி மூட்டையையும் பாட்டியின் "மயக்கத்தையும்" கருவி அறியாது. மாணவர் சொன்னால்தான் தெரியும்.

சமவாய்ப்பு குறித்த விவாதம்

தன்விளக்க அறிக்கை நியாயமான அளவுகோலா என்ற கேள்வி நீண்டகாலமாக எழுப்பப்படுகிறது. மான்செசுட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசுட்டீவன் சோன்சு, சட்டன் அறக்கட்டளைக்காக 2012இல் வெளியிட்ட ஆய்வு இதில் குறிப்பிடத்தக்கது. ஏ-லெவல் தேர்வில் ஒரே தரநிலை பெற்றிருந்த, ஆனால் வெவ்வேறு வகைப் பள்ளிகளில் படித்த மாணவர்களின் அறிக்கைகளை அவர் ஒப்பிட்டார். தனியார் பள்ளி மாணவர்களின் அறிக்கைகளில் மொழிப்பிழைகள் குறைவாகவும், பெயர்பெற்ற நிறுவனங்களில் பெற்ற வேலை அனுபவங்கள் மிகுதியாகவும் இருந்தன. அரசு நிதியில் இயங்கும் பள்ளி மாணவர்கள் அத்தகைய வாய்ப்பின்றி, கிடைத்த சிறு அனுபவத்தையே விரித்து எழுத வேண்டியிருந்தது. படிப்புத் திறன் சமமாக இருந்தும் அறிக்கை சமமாக அமையவில்லை என்பதே ஆய்வின் சாரம்.

இந்த வேறுபாடு பெரும்பாலும் உதவியிலிருந்து பிறக்கிறது. சில பள்ளிகளில் ஓர் ஆசிரியர் ஒவ்வொரு மாணவரின் வரைவையும் பலமுறை படித்துத் திருத்துகிறார். கட்டணம் பெற்று வழிகாட்டும் தனியார் ஆலோசகர்களும் உள்ளனர். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லும் மாணவருக்கு, வெற்றுத் திரையில் எதை எழுத வேண்டும் என்பதே தெரியாமல் இருக்கலாம். யூகாஸ் நடத்திய கருத்தாய்விலும், உதவியின்றி அறிக்கையை எழுதுவது கடினம் என்று விண்ணப்பதாரர்களில் பெரும்பான்மையோர் கூறினர்.

கேள்வி வடிவம் இந்த இடைவெளியை ஓரளவு குறைக்கும் என்பது ஆதரவாளர்களின் கருத்து. எதை எழுத வேண்டும் என்ற மறைவான விதி இப்போது எல்லோருக்கும் தெரியும்படி கேள்வியாக வைக்கப்பட்டுள்ளது. ஆயினும் கேள்வி மாறினாலும் திருத்தித் தரும் ஆளும், வேலை அனுபவம் பெற்றுத் தரும் தொடர்பும் முன்போலவே சிலரிடம் மட்டுமே இருக்கும் என்பது விமர்சகர்களின் வாதம்.

மதிப்பெண் அடிப்படையிலான முறைகளிலிருந்து வருவோர்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கை பெரும்பாலும் மதிப்பெண்ணையே சார்ந்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. இலங்கையில் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் தீர்மானிக்கின்றன. இரண்டிலும் மாணவர் தம்மைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

இப்பின்னணியிலிருந்து பிரித்தானியாவுக்கு விண்ணப்பிப்போர் இரண்டு இடர்களைச் சந்திக்கின்றனர். முதலாவது, தன்னைப் பற்றிப் பேசுவதைத் தற்பெருமையாகக் கருதும் பழக்கம். "நான் செய்தேன்" என்பதற்குப் பதில் "எங்கள் பள்ளியில் செய்யப்பட்டது" என்று எழுதினால் மாணவரின் பங்கு மறைந்துவிடும். தன் பங்கை உள்ளபடி கூறுவது தற்பெருமையாகாது, மிகைப்படுத்துவதே தற்பெருமை. இரண்டாவது, அறிக்கையை வேலைக்கான விண்ணப்பக் கடிதம்போலப் பணிவு மொழியில் எழுதுதல். பெற்றோரின் தொழில், பள்ளியின் பெருமை, "தங்கள் மேலான நிறுவனத்தில் இடமளிக்க வேண்டுகிறேன்" என்ற வேண்டுகோள் ஆகியவை மூன்று கேள்விகளில் எதற்கும் விடையாவதில்லை.

தமிழ்வழியில் பயின்றவர், பாடக் கருத்துகளைத் தமிழில் சிந்தித்துப் பின் ஆங்கிலத்தில் எழுதுவதில் தவறில்லை. இரு மொழிகளில் ஒரு பாடத்தைக் கற்ற அனுபவமே இரண்டாம் கேள்விக்குரிய செய்தியாக அமையலாம். மொழித் தேர்ச்சி தனித் தேர்வுகளின் மூலம் அளக்கப்படுவதால், அறிக்கையில் அதை மெய்ப்பிக்க முயன்று நடையைச் சிக்கலாக்கத் தேவையில்லை.

அமெரிக்கக் கட்டுரையுடன் வேறுபாடு

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்திலும் 650 சொற்களுக்கு மிகாத ஒரு கட்டுரை உண்டு. பெயரளவில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் நோக்கம் வேறு. அமெரிக்காவில் பெரும்பாலான மாணவர்கள் கல்லூரியில் சேர்ந்த பிறகே முதன்மைப் பாடத்தை உறுதி செய்வதால், அக்கட்டுரை மாணவரின் ஆளுமையையும் வளர்ச்சியையும் அறிய முயல்கிறது. ஒரு நிகழ்வைக் கதையாகச் சொல்வது அங்கு ஏற்கப்படும். பிரித்தானியாவில் மாணவர் தொடக்கத்திலேயே ஒரு பாடத்தைத் தெரிவு செய்து விண்ணப்பிக்கிறார். அறிக்கையும் அந்தப் பாடத்தையே மையமாகக் கொள்கிறது. இரு நாடுகளுக்கும் விண்ணப்பிப்போர் ஒரே கட்டுரையைச் சிறிது மாற்றி இரண்டுக்கும் அனுப்பினால், ஏதேனும் ஓரிடத்தில் அது பொருந்தாமல் போகும். முதுநிலைப் படிப்புகளுக்குக் கேட்கப்படும் நோக்க அறிக்கை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அது ஆய்வுத் திட்டத்தையும் துறைசார் பயிற்சியையும் விரிவாகக் கேட்கிறது.

எழுதும் முறை

முதலில், தெரிவு செய்த ஐந்து படிப்புகளின் விவரக் குறிப்புகளைப் படித்து, அவற்றில் பொதுவாக எதிர்பார்க்கப்படும் அறிவையும் திறன்களையும் குறித்துக்கொள்வது நல்லது. அடுத்து, வாக்கியமாக எழுத முயலாமல், கடந்த இரண்டு ஆண்டுகளில் பாடத்தோடு தொடர்புடையதாகச் செய்தவை, படித்தவை, கேள்வி எழுப்பியவை அனைத்தையும் பட்டியலிடலாம். அப்பட்டியலிலிருந்து விரிவாகப் பேசக்கூடிய நான்கைந்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் உரிய கேள்வியின்கீழ் வைக்க வேண்டும்.

முதல் வரைவு 4,000 எழுத்துகளைத் தாண்டுவது இயல்பு. குறைக்கும்போது எடுத்துக்காட்டுகளை நீக்கிவிட்டுப் பொதுவாக்கியங்களை வைத்திருப்பதே பலர் செய்யும் தவறு. ஒரு வாக்கியத்தை வேறு எந்த மாணவரும் மாற்றமின்றி எழுத முடியுமானால் அதையே முதலில் நீக்க வேண்டும். இணையதளத்தில் நேரடியாக எழுதாமல் தனிக் கோப்பில் எழுதி, இறுதியில் படியெடுத்து ஒட்டி, எழுத்து எண்ணிக்கையைச் சரிபார்ப்பது பாதுகாப்பானது.

வரைவைப் படித்துக் காட்ட இருவர் போதும். பாடம் அறிந்த ஆசிரியர் ஒருவர் கருத்துப் பிழைகளைக் காண்பார். மாணவரை நன்கு அறிந்த மற்றொருவர், எழுதியிருப்பது அவரது குரலாக ஒலிக்கிறதா என்று சொல்வார். பலரிடம் காட்டினால் ஆளுக்கொரு திருத்தம் சேர்ந்து அறிக்கை யாருடையதும் ஆகாமல் போகலாம். உதவ ஆள் இல்லாதவர் அறிக்கையை உரக்கப் படித்துப் பார்க்கலாம்; நா தடுமாறும் இடம் பெரும்பாலும் திருத்த வேண்டிய இடமாக இருக்கும். பல பல்கலைக்கழகங்களும் யூகாசும் இலவச வழிகாட்டுதல்களை இணையத்தில் வழங்குகின்றன. விண்ணப்பம் அனுப்பிய பின் அறிக்கையை யூகாஸ் தளத்தில் மாற்ற இயலாது என்பதால், கடைசி நாளுக்குச் சில நாள்கள் முன்னரே இறுதி வடிவை முடித்து வைப்பது நன்று.